உள்ளிக் கண்ணீர் குடித்த பூச்சி

குற்றாலத்து மலையில் மேகம் இறங்கி, சாரல் காற்று வயலைத் தாண்டி வாய்க்காலைத் தாண்டி வந்து தன் முதல் துளியை எந்தக் கூரையின் மேல் உதறுமோ, அந்தக் கூரைதான் பூவலிங்கபுரத்து உள்ளிக் கொட்டகையின் கூரை. உள்ளி என்றால் அந்தப் பக்கத்தில் சின்ன வெங்காயம். மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் உள்ளியைத் தோல் உரித்துக் கூடையில் நிரப்பி ஓட்டல்களுக்கும் ஊறுகாய்க் கம்பெனிக்கும் அனுப்புகிற இடம் அது. முப்பத்திரண்டு பொம்பளைகள், முப்பத்திரண்டு பலகை, முப்பத்திரண்டு சின்னக் கத்தி. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எட்டேகாலுக்கெல்லாம் முப்பத்திரண்டு பேருக்கும் கண்ணும் மூக்கும் ஒரே நேரத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும்.

அந்த வேலையில் வெளியே தெரியாத ஒரு சவுகரியம் இருந்தது. உலகத்தில் வேறெங்கே உட்கார்ந்து அழுதாலும் ஏன் அழுதாய் என்று கேட்க ஒருத்தி வந்துவிடுவாள். அடுப்படியில் அழுதால் மாமியார் கேட்பாள், கோயிலில் அழுதால் பூசாரி கேட்பார், வாய்க்காலில் அழுதால் எருமை கூட நின்று பார்க்கும். உள்ளிக் கொட்டகையில் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். மகளை நினைத்து அழுகிறவளும், மாட்டை நினைத்து அழுகிறவளும், ராத்திரி வாங்கிய அடியை நினைத்து அழுகிறவளும், உள்ளிக்காக அழுகிறவளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சினிமாக் கதை பேசலாம். அதனாலேயே பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசில் வேலை சுளுவு என்று தெரிந்தும் எவளும் அங்கே போகவில்லை.

அப்படி இருந்த கொட்டகைக்குத்தான் ஆனி மாசத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பூச்சி வந்தது.

உள்ளங்கை அகலம், அடுப்புச் சாம்பல் நிறம், நெற்றியில் இரண்டு கோழி இறகு வைத்த மாதிரி மீசை. ஒன்றிரண்டாக இல்லை, சாரலோடு சாரலாக ஒரு கூட்டமே உள்ளே நுழைந்து, ஆளுக்கு இரண்டு மூன்றாக அந்தப் பொம்பளைகளின் கன்னத்தில் உட்கார்ந்து, சுருட்டி வைத்திருந்த நாக்கை விரித்து, இளநீரில் உறிஞ்சுகுழல் போட்டாற்போலக் கண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. முதல் நாள் கூச்சல் போட்டார்கள். இரண்டாம் நாள் கூசுது என்று சிரித்தார்கள். மூன்றாம் நாள் முந்தானையால் முகம் துடைக்கிற வேலை மிச்சம் என்று விட்டுவிட்டார்கள். குடித்து முடித்த பூச்சி உத்திரத்தில் போய் ஒட்டிக்கொண்டு றெக்கையை விரித்துக் காயவைக்கும். சாயங்காலம் மலைக்குப் போய்விடும். மறுநாள் புதுசாகச் சாம்பல் நிறத்தில் வரும்.

நான்காம் நாள்தான் வேலுக்கனி அண்ணாந்து பார்த்துவிட்டு, கத்தியைக் கீழே போட்டாள். உத்திரத்துப் பூச்சி ஒன்றின் றெக்கையில், தண்ணீரில் போட்டோ கழுவும்போது மெள்ள மெள்ள முகம் தெரியுமே அந்த மாதிரி, ஒரு பசுமாடு தெரிந்துகொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஒரு கொம்பு மடிந்திருந்தது.

"ஏளா, அது உன் செவலைல்லா!" என்றாள் பக்கத்தில் இருந்த மைதீன்பாத்து.

"ஆமா."

"வித்து ஒரு வருசம் ஆச்சி. இன்னுமா அழுத? நீ உள்ளிக்கு அழுததால்லா நெனச்சேன்."

"சும்மா கெட. உன் பூச்சி காயட்டும், பாப்போம்," என்றாள் வேலுக்கனி.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் உத்திரம் முழுக்கப் படம். ஒன்றில் தாலிக்கொடி, ஒன்றில் பள்ளிக்கூடப் பை, ஒன்றில் பூட்டிய வீடு. ஒருத்தியின் பூச்சியில் டிவி நாடகத்தில் மாமியாரிடம் அடிவாங்குகிற கதாநாயகி, பொட்டு முதற்கொண்டு அச்சாக வந்திருந்தாள். கண்ணீரில் ஒரு சொட்டு நிசத் துக்கம் கலந்திருந்தால் போதும், அது றெக்கையில் ஏறிவிடுகிறது என்று பொம்பளைகளுக்குப் புரிந்துபோயிற்று.

ஊர் இதற்காக மலைத்துப்போய் நிற்கவில்லை; ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது. பதினைந்து வருஷமாகப் பெண்டாட்டிக்குச் சோறு கொண்டுவந்து தராத புருஷன்மார் எல்லாம் தூக்குவாளியோடு கொட்டகைக்கு வந்து உத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் றெக்கையில் தன்னையும் தன் கையில் பாட்டிலையும் பார்த்துவிட்டு நாலு நாள் குடியை நிறுத்திப் பார்த்தார். ஐந்தாம் நாளும் பாட்டில் இருந்தது. "இது பழைய அழுகை, இந்தக் கணக்கு செல்லாது" என்று பூச்சியோடு அரைமணி நேரம் வாதாடிவிட்டு, பாட்டில் கடைக்கே போய்விட்டார். ஒரு சாவு வீட்டில் மைக்கைப் பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுத கவுன்சிலரின் கன்னத்தில் பூச்சி உட்கார்ந்து எழுந்தது. பிணத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் பந்தல் காலில் ஒட்டியிருந்த றெக்கையில் ஒரு சுழல் நாற்காலியைப் பார்த்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் தாலி ஏறுவதற்கு முன்னால் பெண் அழுதாள், றெக்கையில் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளோடு வந்துவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு கிளம்பினாலும் பந்தி போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்த வாரக் கடைசியில் அதே பந்தலில் அந்தப் பையனுக்கே கட்டிவைத்தார்கள்.

ஊர்க்கூட்டம் போட்டு, அடுத்தவள் பூச்சியை யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். அன்றிலிருந்து மருந்துக்கடையில் கழுத்துவலித் தைலம் நிற்காமல் விற்றது.

இத்தனை கும்மாளத்துக்கு நடுவே ஒருத்தி மட்டும் சிரிக்காமல் குனிந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் பேர் ஆவுடை.

ஆவுடையின் புருஷன் ஆண்டபெருமாள் செத்து இரண்டு வருஷம். லாரி செட்டில் காவல் வேலை. கெட்ட மனிதர் இல்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை, சோற்றில் உப்பு இல்லை என்றுகூடச் சொன்னதில்லை. அதுதான் சங்கதி, எதையுமே சொன்னதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. ஊரே கூடி ஆவுடையின் கண்ணைப் பார்த்தது. அவளும் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள், அழுகை இல்லை. வெறுப்பு இருந்தாலாவது வெறுப்பில் அழுதிருக்கலாம், அதுவும் இல்லை. அடுக்களைக்குப் போய் ஓர் உள்ளியை நசுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அழுகை நன்றாகவே வந்தது.

அந்த அழுகையைப் பார்த்துத்தான் முப்பிடாதி உருகிப்போனாள். முப்பிடாதி ஆண்டபெருமாளின் அக்காள், ஆவுடைக்கு மைனி. சின்ன வயசிலேயே தாலி அறுத்துத் தம்பி வீட்டோடு வந்தவள், உள்ளிக் கொட்டகைக்கு அவள்தான் மேஸ்திரி. தம்பி இருந்த வரைக்கும் ஆவுடையை ஏறெடுத்துப் பார்க்காதவள், பதினாறாம் நாள் கழிந்ததும் தன் பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை போட்டுக் கொடுத்தாள். அழுது அழுது தலை வலிக்குமே என்று தினமும் சாயங்காலம் சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தாள், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், மீன் வாங்கினால் நடுத்துண்டை இவள் தட்டில் போட்டாள். வீட்டில் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தவள் ஆவுடை. தனக்கென்று ஒருத்தி அடுப்பு மூட்டிக் காப்பி வைத்துத் தருவது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை. உள்ளிக்கு அழுத அழுகையை வைத்து வாங்கிய பிரியம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் இரண்டு வருஷம் குடித்தாள்.

இப்போது பூச்சி வந்துவிட்டது. அவள் கண்ணீரைக் குடித்த பூச்சி எல்லாம் உத்திரத்தில் போய் எத்தனை நேரம் காய்ந்தாலும், வந்த மாதிரியே, துடைத்துவிட்ட சாம்பலாகவே இருந்தது.

அதிர்ஷ்டவசமாக, எந்தப் பூச்சி எவள் கன்னத்திலிருந்து போனது என்று யாராலும் பின்தொடர முடியாது. படத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். வெறும் சாம்பல் பூச்சிகளை இன்னும் குடிக்காத பூச்சிகள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். முப்பிடாதியோ, லாரிப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற பூச்சி ஒன்றை ஆவுடையின் பூச்சி என்று காட்டி, "பாத்தியளா என் தம்பியை? தெனம் வந்துருதான்," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்குத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மைதீன்பாத்து அவள் காதில் மட்டும் சொன்னாள்: "அது பம்பாய்க்கு லாரி ஓட்டுத என் மவன். பரவால்ல, வேணும்னா நீ வச்சிக்கோ."

இந்த நேரத்தில்தான் தேவநேசன் சார் வந்து இறங்கினார். ஏதோ ஒரு காலேஜில் பூச்சி பற்றிப் படிப்பிக்கிறவர். ஐம்பத்தெட்டு வயசு, சோடாபுட்டிக் கண்ணாடி, ஒரு வலை, ஒரு பூதக்கண்ணாடி, தக்கை அடித்த இருபது பெட்டி. வந்ததும் வராததுமாக உத்திரத்தைப் பார்த்துவிட்டு, "அந்துப்பூச்சி வகை," என்றார்.

"அந்து அரிசியிலல்லா வரும்? இது கண்ணுல வருதே?" என்றாள் வேலுக்கனி.

"அதுதாம்மா கண்டுபிடிக்கணும்."

மாடு போட்ட றெக்கை ஒரு இனம், தாலிக்கொடி போட்டது ஒரு இனம், பூட்டிய வீடு ஒரு இனம் என்று மூன்று நாள் வலையும் கையுமாக ஏணியில் ஏறி இறங்கி, பெட்டி பெட்டியாக அடைத்து, மூன்றாம் நாள் மத்தியானம் ஏணியின் உச்சியில் நின்று, "பத்தொம்பது! பத்தொம்பது புது இனம்! உலகத்துல எவனுக்கும் இப்படி வாய்ச்சதில்ல!" என்று கத்தினார்.

கொட்டகையே வாய்விட்டுச் சிரித்தது. மைதீன்பாத்து கத்தியால் ஏணியைத் தட்டி, "சார், கீழ எறங்குங்க. அது பத்தொம்பது பூச்சி இல்ல, பத்தொம்பது பொம்பளை," என்றாள்.

அப்புறம் அந்தப் பொம்பளைகள் அவரைச் சாக்கில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பாடம் எடுத்தார்கள். பிள்ளையை நினைத்து அழுதால் கீழ் றெக்கையில் வரும், புருஷனை நினைத்து அழுதால் மேல் றெக்கையில் வரும், கோபத்தில் அழுதால் ஓரத்தில் சிவப்புக் கரை கட்டும், பொறாமையில் அழுதால் படம் தலைகீழாக விழும், தன்னையே நினைத்து அழுதால் இரண்டு பக்கமும் ஒரே படம். சந்தோஷத்தில் அழுதால் என்ன வரும் என்று அவர் கேட்டதற்கு, "இன்னும் பாக்கல சார்," என்றார்கள். அவர் பத்தொன்பதையும் கோடு போட்டு அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். எழுதிவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தார். கொட்டகைக் காரம் அவர் கண்ணிலும் ஏறியிருந்தது. ஒரு பூச்சி கண்ணாடிக்குக் கீழே நுழைந்து குடித்துவிட்டுப் போய்க் காய்ந்தது. அந்த றெக்கையில் இழுப்பறை இழுப்பறையாக ஒரு பெரிய அலமாரி வந்தது, அதில் ஓர் இழுப்பறை மட்டும் திறந்து கிடந்தது, அதில் ஒன்றும் இல்லை.

பொம்பளைகள் படிக்கத் தெரிந்தவர்களாயிற்றே, படித்துவிட்டார்கள். முப்பது வருஷமாக மற்றவர்கள் பேர் வைத்த பூச்சிகளையே அடுக்கிக்கொண்டிருக்கிற மனிதர். தான் பேர் வைத்தது ஒன்றுகூட இல்லை. முப்பிடாதி அவருக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னாள்.

"ஒரே இனம்னாலும் புது இனம்தானே சார்? பேரை வச்சிட்டுப் போங்க. என் தம்பி பேரையே வையுங்க. ஆண்டபெருமாள். ரெண்டு வருசமா என் தம்பி பொண்டாட்டி விட்ட கண்ணீருக்காவது ஒரு பேரு நிக்கட்டும்."

ஆவுடையின் கத்தி விரலில் இறங்கிற்று.

"வைக்கலாம்," என்றார் சார். "ஆனா ஒரு மூலமாதிரி வேணும்மா. துணிக்கடையில சாம்பிள் துண்டு வச்சிருப்பான்ல? அதைப் போல ஒரு பூச்சியைக் குத்தி வைப்போம். இனிமே உலகத்துல எவன் இந்தப் பூச்சியைப் பிடிச்சாலும் அதோட வச்சி ஒத்துப் பாத்துத்தான் இது அதுன்னு சொல்லணும். அதுல அடுத்தவங்க துக்கம் ஏறியிருக்கக் கூடாது. பூச்சி மட்டும் இருக்கணும்." பூதக்கண்ணாடியை எடுத்து உத்திரத்து மூலையைக் காட்டினார். "அந்தா, அந்தச் சாம்பல் பூச்சி. குடிக்காததுன்னு நினைக்கறீங்க. வயித்தைப் பாருங்க, முட்ட முட்டக் குடிச்சிருக்கு. வெறும் உள்ளிக் கண்ணீரை மட்டும் குடிச்சிருக்கு. யார் கண்ணீர்னு தெரிஞ்சி, அவங்க ஆமா எனக்கு ஒரு துக்கமும் இல்லைன்னு சொன்னாத்தான் நான் எழுத முடியும். சொல்லலைன்னா அது இன்னும் காயாத பூச்சின்னு எவனாவது தள்ளிருவான்."

முப்பிடாதி கத்தியைக் கீழே வைத்துவிட்டு உத்திரத்து மூலையைப் பார்த்தாள்.

"வெறும் உள்ளிக்கா?" என்றாள் முப்பிடாதி. "இந்தக் கொட்டகையிலயா? நெஞ்சுல ஒண்ணுமே இல்லாம ஒருத்தி இங்க உக்காந்திருக்காளா? ஏளா ஆவுடை, பாத்தியா, உன் பக்கத்துலயே உக்காந்துட்டு எவளோ சும்மா அழுதுட்டுப் போயிருக்கா."

"ஆமா மைனி," என்றாள் ஆவுடை.

அன்று சாயங்காலம் சுக்குக் காப்பி வழக்கம்போல வந்தது. ஆவுடை அதை வைத்துக்கொண்டு புருஷன் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். எப்படியாவது ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு நிசமாக அழுதுவிட்டால் நாளையிலிருந்து சாம்பல் பூச்சியே இருக்காது, கதை முடிந்தது. அவர் தூங்கியதை நினைத்தாள், அவர் செருப்பை நினைத்தாள், போட்டோக்காரன் சிரிங்க அண்ணாச்சி என்று சொன்னபோது அவர் திரும்பிப் பின்னால் யாரையோ சொல்லுகிறானாக்கும் என்று பார்த்ததை நினைத்தாள். அதை நினைத்ததும் குபுக்கென்று சிரிப்பு வந்து காப்பி மூக்கில் ஏறிற்று. பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே தவிர, கண்ணீர் வரவில்லை.

"இருமாத, மெள்ளக் குடி," என்று அடுக்களையிலிருந்து மைனி சத்தம் கொடுத்தாள். "நெனப்பு வந்துட்டா?"

மறுநாள் பத்து மணி டீக்கு, தேவநேசன் சார் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். மத்தியான பஸ்ஸுக்குப் போகிறாராம். யாரும் சொல்ல முன்வரவில்லை, பேர் வைக்க முடியாது, பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்று சொல்லும்போதே கண்ணாடிக்குக் கீழே ஒரு பூச்சி நுழைந்தது.

"எவளா இருந்தாலும் சொல்லித் தொலைங்களேம்ட்டி," என்றாள் முப்பிடாதி. "கொலையா செஞ்சிட்டிய? அந்த மனுசன் மொகத்தைப் பாருங்க. என் தம்பி பேரும்லா போவுது."

ஆவுடை மைதீன்பாத்துவைப் பார்த்தாள். மைதீன்பாத்து வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். தன் மகனைத் தூக்கிக் கொடுத்தவள், கடைசிவரைக்கும் கொடுக்கத் தயார். ஆனால் ஆவுடைக்கு, மைனி பேச்சுக்கு இரங்கி வேறெவளாவது தன்னுது என்று சொல்லிவிட்டால், துக்கமே இல்லாத பூச்சிக்குப் புருஷன் பேரை வைத்து, அதைக் குத்தி, அலமாரியில் பூட்டி, உலகத்தில் இருக்கிற எல்லாரும் அதோடு ஒத்துப்பார்க்கப் போகிறார்கள் என்பது தாங்கவில்லை. புருஷனுக்காக அழாதது ஒன்று, அவர் பேரில் பொய்யைக் குத்தி வைப்பது வேறொன்று.

கத்தி பிடித்த கையைத் தூக்கினாள்.

"அது என்னுது."

"எது?" என்றாள் முப்பிடாதி.

"அந்த வெறும் பூச்சி."

"உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? உன்னுது லாரிப் பூச்சில்லா?"

"அது இவ மவன், மைனி."

முப்பிடாதி மைதீன்பாத்துவைப் பார்த்தாள். மைதீன்பாத்து உள்ளியைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு வருசமா?"

"உள்ளி, மைனி."

"அவனைத் தூக்குத அன்னைக்கி?"

"அன்னைக்கும் உள்ளிதான். முந்தியில முடிஞ்சி வச்சிருந்தேன்."

முப்பிடாதி கையிலிருந்த உள்ளியைக் கூடையில் போட்டாள். "அப்ப நான் தெனம் வச்ச சுக்குக் காப்பி?"

"அது நல்லா இருந்திச்சி மைனி."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பிடாதி எழுந்தாள், தன் பலகையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், கூடையை இன்னொரு கையில் எடுத்தாள், கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போய்ப் பலகையைப் போட்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

சார் சத்தம் காட்டாமல் ஏணியில் ஏறி அந்தச் சாம்பல் பூச்சியை எடுத்து, மருந்துப் புட்டியில் போட்டு, குத்தி, சீட்டு எழுதினார். ஊர், தேதி, குடித்தது வெறும் உள்ளிக் கண்ணீர், கொடுத்தவர் ஆவுடை. பேர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கி, அந்தக் கோடியைப் பார்த்து, "அம்மா, பேரு..." என்றார்.

"உள்ளின்னு போடுங்க," என்று முதுகு சொன்னது.

அப்படியே போட்டார்; அதற்குப் பின்னால் வாயில் நுழையாத நாலைந்து எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். பிறகு ஆவுடையிடம் வந்து, இது பெண் பூச்சி, இதற்கு ஜோடியாக ஓர் ஆண் பூச்சியும் இருந்தால்தான் வேலை முழுமை, நாளைக்கு ஒன்றே ஒன்று, அவ்வளவுதான் என்று கெஞ்சினார். மீசை அடர்த்தியாக இருப்பது ஆணாம்.

"நாளைக்கும் உள்ளிதான் சார். வாங்க," என்றாள் ஆவுடை.

வீட்டில் முப்பிடாதி பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. பாயை விரித்தாள், பேசவில்லை. அடுப்பில் சுக்கு தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. காலையில் ஆவுடை தலை சீவி முடிப்பதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். வாய்க்கால் கரை, புளியமரம், பஞ்சாயத்து போர்டு என்று வழி முழுக்க அவள் முன்னால் போக, இவள் பின்னாலேயே போனாள். எட்டி நடந்தால் பிடித்துவிடலாம், எட்டி நடக்கக் கால் வரவில்லை. பச்சைச் சேலை. பச்சை ஜாக்கெட். தோள்பட்டையில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்தாள், சொல்லவில்லை.

கொட்டகையில் முப்பிடாதி அந்தக் கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் காலி இடத்தை வைத்துக்கொண்டு ஆவுடை உள்ளி உரித்தாள். தேவநேசன் சார் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு எதிரே சாக்கில் உட்கார்ந்து, அவள் கன்னத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடர்ந்த மீசையோடு ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. மற்ற நாளைவிட நிறையக் குடிக்கிறது என்று சார் குறித்துக்கொண்டார். அது போய் உத்திரத்தில் ஒட்டி றெக்கையை விரித்தது. அவர் ஏணியைச் சாய்த்தார். இரண்டு படி ஏறினார். மூன்றாவது படியில் நின்றார்.

"அய்யோ, போச்சே," என்றார்.

ஊர்க்கட்டுப்பாட்டை மறந்து கொட்டகையே அண்ணாந்து பார்த்தது. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை, றெக்கை முழுக்க, பச்சையாக ஏதோ வந்துகொண்டிருந்தது. முதலில் வயல் என்று நினைத்தார்கள். அப்புறம் மேலே ஒரு கொண்டை வந்தது. தோள்பட்டை வந்தது. தோள்பட்டையில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் விட்டது வந்தது. எல்லாரும் றெக்கையைப் பார்த்தார்கள், திரும்பி அந்தக் கோடியைப் பார்த்தார்கள், மறுபடி றெக்கையைப் பார்த்தார்கள். அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கப்புறம் ஒரு நாளும் அந்தக் கொட்டகையில் சாம்பல் பூச்சி காயவில்லை. அந்த அலமாரியில் அந்த இனத்துக்கு இன்றைக்கும் ஒற்றைப் பூச்சிதான், ஜோடி கிடையாது.

ரொம்ப நேரம் சத்தமே இல்லாமல் இருக்கவும், என்னவென்று முப்பிடாதி திரும்பினாள். எல்லாரும் பார்க்கிற இடத்தைப் பார்த்தாள். எழுந்து, உள்ளித் தோலை மிதித்துக்கொண்டு நடந்து வந்து, உத்திரத்துக்கு நேர் கீழே நின்று, இடுப்பில் கையை வைத்து, கண்ணைச் சுருக்கி, மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள்.

"என் முதுகு இவ்ளோ அகலமாளா இருக்கு?"

"இல்ல மைனி," என்றாள் ஆவுடை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பூச்சி றெக்கையை விரிச்சில்லா உக்காந்திருக்கு. அதான்."

"கெழிசலைக்கூட விடாமப் போட்டிருக்கு." முப்பிடாதி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தோளைத் தடவிப் பார்த்தாள். "வீட்டுலேருந்து பின்னாடியேதானே வந்த? சொன்னா என்ன?"

"பேசலைல்லா நம்ம."

முப்பிடாதி அந்தக் கோடிக்குத் திரும்பிப் போனாள். போனவள் பலகையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடையை இழுத்துக்கொண்டு வந்து, ஆவுடையின் காலை முழங்காலால் ஓர் இடி இடித்தாள்.

"தள்ளி உக்காரு."